சும்மா இருக்கும் தாடை உண்மையில் சும்மா இருக்கிறதா? வயது அதை மாற்றுமா?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. உங்களுக்கு 39 வயது. சில மாதங்களாகக் கன்னத்தில் ஓர் இறுக்கம், காலையில் எழுந்தால் பொட்டுப் பக்கம் வலி. ஒரு பல் மருத்துவமனையில் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் எலெக்ட்ரோடு ஒட்டி, "வாயைச் சும்மா வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி இ.எம்.ஜி (தசையின் மின்செயலை அளக்கும் சோதனை) எடுத்திருக்கிறார்கள். 3.1 மைக்ரோவோல்ட் வந்திருக்கிறது. உங்கள் வயதுக்கு இது அதிகம், வயது ஏற ஏற இன்னும் கூடும், இப்போதே கடியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி, சில பற்களைத் தேய்த்துச் சமன்செய்ய நாளும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் 71 வயது அம்மா; பல் செட் போட்டிருக்கிறார்; டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. வயதானால் தசை இறுகும் என்றால் அம்மாவின் தாடை ஏன் தொங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: ஓய்வில் தாடைத் தசை வேலை செய்கிறதா, அந்த வேலை வயதோடு மாறுகிறதா, அந்த 3.1 என்ற எண்ணை நம்பிப் பல்லைத் தேய்க்கலாமா. மூன்றாவதுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தேய்க்க வேண்டாம், அந்த நாளைத் தள்ளிப்போடுங்கள். ஏன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

நான் செயற்கைப் பல் கட்டும் பிரிவில் மேற்படிப்பு படித்தவன். 23 வருடமாகப் பெரும்பாலும் வயதானவர்களின் வாயைத்தான் பார்த்துவருகிறேன். இ.எம்.ஜி கருவியைப் படிக்கும் காலத்தில் கையாண்டிருக்கிறேன். இப்போது என் கிளினிக்கில் அது கிடையாது. நரம்பியல் என் துறை அல்ல. அம்மாவைப் பற்றி நான் சொல்வதை, யாரிடம் போக வேண்டும் என்பதற்கான வழிகாட்டலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நோய் இன்னதென்ற முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பல் செட் செய்ய வருகிறவருக்கு நாங்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, தாடை ஓய்வாக இருக்கும்போது முகத்தின் உயரம் எவ்வளவு என்று அளப்பது. மூக்கு நுனியில் ஒரு புள்ளி, முகவாயில் ஒரு புள்ளி, இரண்டும் பேனாவால் வைப்போம். நாற்காலியில் நிமிர்ந்து, தலையைச் சாய்க்காமல், எதிரே பார்த்து உட்காரச் சொல்வோம். எச்சிலை விழுங்கச் சொல்வோம். பிறகு "அம்மா" என்று இரண்டு மூன்று தடவை சொல்லச் சொல்வோம். "ம்" சொல்லி முடிக்கிற அந்த நொடியில் உதடு லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும், பல் இருந்தால் பல் பிரிந்திருக்கும். அப்போது டிவைடரை வைத்துப் புள்ளிக்குப் புள்ளி அளப்போம். அடுத்து கடிக்கச் சொல்லி அளப்போம். இரண்டுக்கும் நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்க வேண்டும். அதுதான் ஓய்வு இடைவெளி. இதில் பாடப்புத்தகத்தில் அழுத்திச் சொல்லாத ஒன்றை எல்லாச் செயற்கைப் பல் மருத்துவர்களும் அறிவோம்: ஒரே ஆளை ஒரே நாற்காலியில் வைத்து ஐந்து தடவை அளந்தால் ஐந்தும் ஒரே எண்ணாக வராது. அதனால்தான் பலமுறை அளந்து சராசரி பார்க்கிறோம். "ஓய்வு" என்பது குத்திவைத்த ஆணி போல ஓரிடத்தில் நிற்பதில்லை, ஒரு சிறு எல்லைக்குள் மேலும் கீழும் போய்வருகிறது. மீதி எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இனி முதல் கேள்வி. கீழ்த்தாடை புவியீர்ப்பில் கீழே இழுபடுகிற எலும்பு. நாம் விழித்திருக்கும்போது அது ஏன் தொங்கிவிடுவதில்லை? நீண்ட காலம் இரண்டு கட்சியாக வாதாடிய விஷயம் இது. ஒரு கட்சி, தசை ஓயாமல் மெல்லச் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்றது. கன்னத்தில் இருக்கும் மாசெட்டர், பொட்டில் இருக்கும் டெம்போராலிஸ் இரண்டிலும் நீட்சியை உணரும் நுண்ணுறுப்புகள் ஏராளம். தாடை கொஞ்சம் இறங்கினால் அவை நீண்டு, "ஏற்று" என்ற கட்டளை தண்டுமூளையிலிருந்து தானாக வருகிறது. முகவாயில் மருத்துவர் சுத்தியலால் தட்டும்போது தாடை துள்ளி மூடுவதும் இந்த வழியில்தான். இன்னொரு கட்சி, ஓய்வில் தசை அநேகமாக மௌனமாகத்தான் இருக்கிறது, தசையும் தசைநாரும் சுற்றியுள்ள திசுக்களும் ரப்பர் போலத் தங்கள் இழுவையால் தாடையைப் பிடித்து வைத்திருக்கின்றன என்றது. பிரிட்டனில் ராபர்ட் யெம் என்பவர் இந்தப் பக்கத்துக்குப் பலமான சோதனைச் சான்றுகளைக் கொடுத்தார்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் நிலை. அமைதியாக உட்கார்ந்திருப்பவரின் தசையில் பதிவாகும் மின்செயல் மிகச் சிறியது. ஒற்றை இலக்க மைக்ரோவோல்ட். அதே ஆள் பலங்கொண்ட மட்டும் கடித்தால் நூற்றுக்கணக்கில் போகும். அந்தச் சிறு செயலும் மாசெட்டரைவிட டெம்போராலிஸில்தான் பெரும்பாலும் சற்றுக் கூடுதல். தாடையை நிலைநிறுத்தும் வேலை அதிகம் அதனுடையது. 1981இல் ரூ, டிராகோ என்ற இருவர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நாங்கள் டிவைடரால் அளக்கும் ஓய்வு நிலையில் தசை மிகக் குறைவாக வேலை செய்யும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர்கள் அளந்தபோது மின்செயல் மிகக் குறைந்த இடம் அதற்கும் கீழே, முன்பற்கள் சராசரியாக 8 மில்லிமீட்டருக்கு மேல் பிரிந்திருக்கும் இடத்தில் இருந்தது. அப்படியென்றால் உதட்டை மூடி, நாகரிகமாக உட்கார்ந்திருக்கும் நிலையிலேயே தசை கொஞ்சம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. முழு ஓய்வுக்குப் போனால் வாய் லேசாகத் திறக்கும். பஸ்ஸில் தூங்குகிறவர்களைப் பாருங்கள். கனவு வரும் உறக்கக் கட்டத்தில் தசையின் இறுக்கம் ஏறக்குறைய அணைந்தே போகும், தாடை விழும். அங்கே வயது வித்தியாசமே கிடையாது, கல்லூரி மாணவருக்கும் அதே கதிதான்.

ஓய்வுச் செயலை மாற்றுகிற காரணங்களை வரிசைப்படுத்தினால் வயது எங்கோ பின்னால்தான் வரும். தலையைப் பின்னால் சாய்த்தால் மாறும். மனக்கணக்குப் போடச் சொன்னால் கூடும். பயந்தால் கூடும். முகத்தில் மெஷின் ஒட்டி, பக்கத்தில் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது "சும்மா இருங்கள்" என்று சொன்னால் யாரால் சும்மா இருக்க முடியும்? உதட்டை இறுக்கி மூடினாலே பக்கத்து முகத்தசையின் சமிக்ஞை எலெக்ட்ரோடுக்குள் கசிந்து சேர்ந்துவிடும்.

இப்போது வயது. இதில் எனக்குச் சந்தேகமில்லாத பகுதி முதலில். வயதோடு மாசெட்டரின் கனம் குறைகிறது. சி.டி. ஸ்கேனில் தசையின் குறுக்குவெட்டை அளந்த ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. பல் எல்லாம் இழந்தவர்களுக்கு இந்தக் குறைவு இன்னும் அதிகம். பல் செட் போட்டவரின் கடிபலம், சொந்தப் பல் உள்ளவரின் பலத்தில் நான்கில் ஒரு பங்கு, சிலருக்கு அதற்கும் கீழே. ஆனால் "வயதானால் மெல்ல முடியாது" என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. பல் எல்லாம் இருக்கும் 25 முதல் 75 வயது வரையிலான ஆட்களை வைத்து பிரான்சில் செய்து 2004இல் வெளியான ஆய்வில், ஒரே உணவை விழுங்கும் பதத்துக்கு மெல்ல, பத்து வயதுக்கு ஏறத்தாழ மூன்று மெல்லுதல் கூடியது. மெல்லும் தாளம் கெடவில்லை, கூடுதலாக மென்று சமாளித்தார்கள், அவ்வளவுதான். இன்னொன்று, கை கால் தசைகளில் வயதோடு வேக நார்கள் தேய்ந்து மெது நார்களின் பங்கு கூடும் என்று படித்திருக்கிறோம். ஸ்வீடனில் 1990களின் இறுதியில் மாசெட்டரையும் புஜத் தசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மாசெட்டர் எதிர்த்திசையில் போயிருந்தது, வேக வகைப் புரதங்களின் பங்கு அதில் கூடியிருந்தது. ஆகவே முழங்கால் தசைக்கு நடப்பதுதான் தாடைக்கும் நடக்கும் என்று யாராவது சொன்னால் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள்.

சந்தேகத்துக்குரிய பகுதி, நீங்கள் நேராகக் கேட்டதுதான்: ஓய்வில் பதிவாகும் மின்செயல் வயதோடு கூடுமா குறையுமா? ஆய்வுகள் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. ஏன் பேச முடியவில்லை என்பதற்குக் காரணங்கள் தெளிவாக இருக்கின்றன. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு தடிமனாக இருந்தால் சமிக்ஞை குறைந்து தெரியும், மெலிந்தால் கூடித் தெரியும். வயதோடு இந்த அடுக்கு ஆளுக்கு ஒரு விதமாக மாறுகிறது. எலெக்ட்ரோடு ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒட்டினால் எண் மாறும். கருவியின் சொந்த இரைச்சலே ஓரிரு மைக்ரோவோல்ட் வரும், 3.1இல் எவ்வளவு தசை, எவ்வளவு இரைச்சல் என்று பிரிப்பது சாமானியமில்லை. வயதானவர் என்று எடுத்துக்கொண்டால் அவருக்குப் பல் இருக்கிறதா, செட் போட்டிருக்கிறாரா, அது ஆடுகிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஆயிரம் வேறுபாடு. ஆடுகிற கீழ் செட்டை நாக்காலும் கன்னத்தாலும் நாளெல்லாம் பிடித்துக்கொண்டிருப்பவரின் தசை "ஓய்வில்" உழைத்துக்கொண்டிருக்கும். அதை வயதின் கணக்கில் எழுதினால் தப்பு. விகிதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஓய்வுச் செயலை, முழுப் பலத்தோடு கடிக்கும் செயலின் சதவீதமாகச் சொல்வது வழக்கம். வயதானவரின் முழுப் பலம் குறைந்திருப்பதால், ஓய்வுச் செயல் கொஞ்சமும் மாறாவிட்டாலும் சதவீதம் ஏறிக் காட்டும். இத்தனையும் கழித்துப் பார்த்தால் வயதால் மட்டும் வரும் மாற்றம் சிறியது, ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்துக்குள் மூழ்கிப்போகிற அளவு என்பது என் மதிப்பீடு. இது என் மதிப்பீடுதான், நிரூபிக்கப்பட்ட முடிவு என்று சொல்லமாட்டேன். ஆனால் "39 வயதுக்கு இவ்வளவுதான் இருக்க வேண்டும்" என்ற நம்பத்தக்க அட்டவணை கிடையாது என்பதை உறுதியாகவே சொல்வேன். தாடை மூட்டுக் கோளாறைக் கண்டறிய ஓய்வு இ.எம்.ஜி எண்ணை நம்பலாகாது என்று 1980களின் கடைசியிலிருந்தே மறுஆய்வுக் கட்டுரைகள் திரும்பத் திரும்ப எச்சரித்துவருகின்றன. அந்த எண்ணைக் காட்டிப் பல்லின் எனாமலைத் தேய்த்துவிட்டால் அது திரும்ப வளராது. எனக்கு இதில்தான் கோபம் வருகிறது.

இதையொட்டி ஒரு பழைய கதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அம்மாவுக்கு அது பொருந்தும். 1940களில் தாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் தாடையின் ஓய்வு நிலை ஆயுள் முழுவதும் மாறாது, பல் போனாலும் மாறாது என்று வாதிட்டார். பல் செட் செய்கிறவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஆன்ட்யே தால்கிரென் என்ற பெண்மணி செட் போட்டவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். ஈறுக்கு அடியிலிருக்கும் எலும்பு வருடக்கணக்கில் கரைந்துகொண்டே போகிறது, கீழ்த்தாடையில் மேல்தாடையைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு கரைகிறது, முக உயரம் குறைகிறது, ஓய்வு நிலையின் உயரமும் அதோடு சேர்ந்து குறைந்துவருகிறது என்று 1972 வாக்கில் தெளிவாகிவிட்டது. செட்டைக் கழற்றிவைத்தால் அதே ஆளின் ஓய்வு உயரம் குறையும். முகவாய் மூக்கை நோக்கி ஏறும். பொக்கை வாய்ப் பாட்டியின் முகத்தில் நாம் எல்லோரும் பார்த்தது அதுதான். எனவே வயதானவர் முகத்தில் மாறுவதில் பெரும்பங்கு பல்லும் எலும்பும் போனதால் வருவது. வருடங்கள் ஓடியதால் மட்டும் வருவது கொஞ்சம்.

உங்கள் இறுக்கத்துக்கு வருகிறேன். காலையில் பொட்டு வலிக்கிறது என்பதால் இரவில் பல் கடிக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். பகலில் பல்லைச் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கிறீர்களா என்பதையும் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் கன்ன இறுக்கத்துக்கு இரண்டாவதுதான் பெரிய காரணம், அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. சாப்பிடுவது, விழுங்குவது எல்லாம் சேர்த்து ஒரு நாளில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ளும் மொத்த நேரம் இருபது நிமிடத்துக்கும் குறைவு என்பது 1960களிலிருந்து சொல்லிவரும் கணக்கு. மீதி நேரம் முழுக்க அவை பிரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் முன் எட்டு மணி நேரம் பல்லைச் சேர்த்து வைத்திருப்பவர் அழுத்திக் கடிக்கவே வேண்டாம், லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலே தசை இறங்கி ஓய்வெடுக்க வழியில்லை. வயது ஏற ஏற இது கூடும் என்று உங்களைப் பயமுறுத்தியதற்கும் ஆதாரம் இல்லை. கனடாவில் 1994இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் தூக்கத்தில் பல் கடிப்பதாகச் சொன்னவர்கள் மொத்தத்தில் 8 சதவீதம். 18 முதல் 29 வயதுக்குள் 13 சதவீதம், 60ஐத் தாண்டியவர்களில் 3 சதவீதம். தனியாகப் படுப்பவருக்குத் தான் பல் கடிப்பது தெரியாது, பல்லே இல்லாதவருக்குச் சத்தமும் வராது. ஆகவே முதியவர் எண்ணிக்கை கொஞ்சம் குறைத்துச் சொல்லப்பட்டிருக்கலாம். ஆனாலும் திசை ஏறுமுகம் அல்ல.

செய்ய வேண்டியது இதுதான். "ன்" என்று சொல்லி நாக்கை அங்கேயே விட்டுவிடுங்கள். நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் பட்டு நிற்கும். பல் தானாகப் பிரிந்திருக்கும். உதட்டை லேசாக மூடிக்கொள்ளுங்கள். இதை ஒரு நாளில் முப்பது நாற்பது தடவை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் ஓரத்தில், போன் பின்புறம், அடுப்படி அலமாரியில் சின்ன வண்ணப் பொட்டு ஒன்று ஒட்டிவையுங்கள்; கண்ணில் படும்போதெல்லாம் பல் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் வாரத்தில் எத்தனை தடவை சேர்ந்திருந்தது என்று பார்த்து நீங்களே திகைப்பீர்கள். கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் நல்லது. சூயிங்கம்மை நிறுத்துங்கள். மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சில மாத்திரைகள் பல் கடிப்பைத் தூண்டும். எடுத்துக்கொண்டால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆறு வாரத்தில் தேறவில்லையென்றால் இரவில் போட்டுக்கொள்ளும் நைட் கார்டு செய்துகொள்ளலாம். அது பல் தேயாமல் காக்கும். கடிப்பதை அது நிறுத்திவிடும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம், அதுதான் அதன் பெரிய நன்மை.

அம்மாவைப் பற்றி. டிவி முன் வாய் திறந்திருப்பது தனியாக ஒரு நோய் அல்ல. பாதித் தூக்கத்தில் இருக்கலாம். மூக்கு அடைத்திருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். செட்டின் உயரம் கூடிப்போயிருக்கலாம். பேசும்போது பல் டக் டக் என்று இடிக்கிறதா, உதட்டை மூடச் சிரமப்படுகிறாரா என்று கவனியுங்கள். பத்து வருடத்துக்கு மேல் பழைய செட் என்றால் எலும்பு கரைந்து அது ஆடிக்கொண்டிருக்கும், கீழே விழாமலிருக்க வாயை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்.

ஆனால் "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்ற வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். அந்த வார்த்தையால் ஒன்றரை வருடம் வீணான ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அறுபதைத் தாண்டிய மனிதர், இரண்டு இடத்தில் செட் மாற்றிவிட்டு மூன்றாவதாக என்னிடம் வந்தார். "செட்டு சரியில்ல டாக்டர், பாதிச் சாப்பாட்டுல தாடை ஓஞ்சு போயிடுது" என்றார். செட்டைப் பார்த்தேன், நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. பேசிக்கொண்டே இருந்தவர், சற்று நேரத்தில் வலது கையை முகவாய்க்கு அடியில் கொடுத்துத் தாடையைத் தாங்கிக்கொண்டார். யோசனை செய்கிறவர் கை வைப்பது போலத்தான் இருந்தது, ஆனால் கையை எடுத்தால் வாய் திறந்துகொண்டது. முதல் சப்பாத்தியை நன்றாக மெல்கிறார், இரண்டாவது பாதியில் நின்றுவிடுகிறார், அரை மணி ஓய்வுக்குப் பிறகு மறுபடி முடிகிறது என்று மனைவி சொன்னார். ஒரு பக்க இமையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். மயஸ்தீனியா கிராவிஸ் என்று வந்தது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை சேரும் இடத்தில் வரும் கோளாறு, மருந்துக்குக் கட்டுப்படுகிற நோய். இரண்டு மாதம் கழித்து அதே பழைய செட்டோடு வந்து, எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே அம்மாவிடம் நீங்கள் கவனிக்க வேண்டியவை: சாப்பிடச் சாப்பிடத் தாடை ஓய்ந்துபோகிறதா, இமை இறங்குகிறதா, பொருள் இரண்டாகத் தெரிகிறதா. ஓய்வில் தாடை நடுங்குகிறதா, முகத்தில் பாவம் குறைந்து குரல் சன்னமாகிவிட்டதா, வாயோரம் எச்சில் வழிகிறதா. இவை பார்க்கின்சன் பக்கம் பார்க்க வைப்பவை. எதுவும் சாப்பிடாதபோதும் மெல்வதுபோல வாய் அசைகிறதா. வாந்திக்கும் மனநலத்துக்கும் கொடுக்கும் சில மருந்துகளை நெடுநாள் எடுத்தால் இப்படி வரும், முதியவர்களுக்கு இன்னும் எளிதாக வரும். வாய் ஒரு பக்கம் திடீரெனக் கோணினால் நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். மெல்லும்போது தாடை வலித்து நிறுத்தினால் விடுகிறது, கூடவே பொட்டில் புதிதாகத் தலைவலி, பார்வை மங்கல் என்றால் அன்றைக்கே பொது மருத்துவரைப் பாருங்கள். பொட்டு ரத்தக்குழாயின் அழற்சி அபூர்வம்தான், ஆனால் தாமதித்தால் கண்ணைப் பறித்துவிடும்.

இவை எதுவும் இல்லை, மாதக்கணக்கில் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றால் அவசரமில்லை, பல் மருத்துவரிடம் செட்டை மட்டும் காட்டுங்கள். போகும்போது செட்டை டப்பாவில் போட்டு எடுத்துப்போகாமல் வாயில் மாட்டிக்கொண்டே வரச் சொல்லுங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள், டிவி பார்க்கும்போது வாய் திறந்திருக்கும் அந்த நிலையை அம்மாவிடம் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பார்கள்.